வேகம் இருந்தும் வேலை நடக்காத வீட்டுக்கு எந்த இணைய இணைப்பு?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். இப்போது வீட்டில் இருப்பது கேபிள் டிவி கம்பி வழியாக வரும் 200 எம்பிபிஎஸ் இணைப்பு. தெருவுக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு நிறுவனம் ஃபைபரில், அதாவது கண்ணாடி இழையில், 1000 எம்பிபிஎஸ் தருவதாகச் சொல்கிறது. இன்னொரு நிறுவனம், கம்பியே வேண்டாம், 5ஜி பெட்டி ஒன்றை ஜன்னலோரம் வைத்தால் போதும் என்கிறது. மூன்றில் எது நல்லது என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: வேகத்தைச் சோதித்தால் 200 முழுதாகக் காட்டுகிறது, ஆனாலும் மாலை நேர அலுவலகக் கூட்டங்களில் குரல் விட்டு விட்டு வருகிறது, படம் அப்படியே நின்றுவிடுகிறது. அப்படியானால் நீங்கள் உண்மையில் கேட்பது, வேகம் இருந்தும் வேலை நடக்கவில்லையே, இன்னும் கூடுதல் வேகம் வாங்கினால் சரியாகிவிடுமா என்பது. அதற்கு விடை தெரியாமல் நிறுவனத்தை மாற்றினால் பணமும் போகும், தொல்லையும் அப்படியே இருக்கும்.

வீடுகளுக்கு இணைப்புக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் பல ஆண்டுகளாக என் தொழில். அந்த அனுபவத்திலிருந்தும் படித்ததிலிருந்தும் சொல்கிறேன். உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவும், ஊகத்தை ஊகம் என்றும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வீட்டுக்குள் பாருங்கள். "இணையம் சரியில்லை" என்று வரும் புகார்களில் கணிசமானவை வாசலுக்கு வெளியே போவதே இல்லை, வைஃபையிலேயே முடிந்துவிடும். வெளியிலிருந்து வரும் கம்பி ரவுட்டர் வரைக்கும் தன் வேலையைச் சரியாகச் செய்யும். அங்கிருந்து உங்கள் மடிக்கணினி வரைக்கும் இருக்கும் சில மீட்டர் தூரத்தில், இரண்டு சுவர்களுக்கும் ஓர் இரும்பு பீரோவுக்கும் நடுவில், எல்லாம் கெட்டுப்போகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்றுதான்: 1, 6, 11. அடுக்குமாடிக் கட்டடம் என்றால் மாலையில் எல்லா வீடுகளும் அந்த மூன்றில்தான் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான். மாலையில் சமையலறையில் அது ஓடும்போது பக்கத்து அறையில் கூட்டம் தடுமாறினால் அதில் வியப்பில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகமும் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டுவதில் அது பலவீனம். உங்கள் கணினி எதில் இணைந்திருக்கிறது என்பதை இன்றே பார்த்துவிடுங்கள்.

சந்தேகத்தை ஒரே மாலையில் தீர்த்துக்கொள்ளலாம். ஒரு லேன் கேபிளால் மடிக்கணினியை நேரடியாக ரவுட்டரில் செருகுங்கள். கணினியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். வழக்கமாகத் தொல்லை வரும் நேரத்தில், வீட்டில் மற்றவர்கள் எப்போதும்போல் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கூட்டத்தில் சேருங்கள். குரல் தெளிவாக வந்தால் குற்றவாளி வைஃபைதான். மூன்று நிறுவனங்களில் எதற்கு மாறினாலும் உங்களுக்கு விடிவு கிடையாது. ரவுட்டரைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வைப்பது, அல்லது அலுவலக மேசைவரை ஒரு கேபிள் இழுத்துவிடுவது, இவை போதும். என்னைக் கேட்டால், ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் கேபிள் இழுத்துவிடுவதே மேல். கேட் 5இ வகைக் கேபிள் 100 மீட்டர் தூரம்வரை 1000 எம்பிபிஎஸ் தாங்கும். எந்த வீட்டுக்கும் அது தாராளம்.

லேன் கேபிளில் சோதிக்கும்போது முடிவு 94 அல்லது 95இல் வந்து நின்றுவிட்டால், அது நிறுவனத்தின் குறை அன்று. ரவுட்டரின் துளை பழைய 100 எம்பிபிஎஸ் வகை என்றோ, கேபிளுக்குள் இருக்கும் எட்டு இழைகளில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது என்றோ பொருள். 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு, நிறுவனம் கொடுத்த மலிவு ரவுட்டரின் துளையால் 94 மட்டுமே பெறும் வீடுகளை இன்றும் பார்க்கிறேன். அவர்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

கேபிளில் செருகியும் குரல் விட்டு விட்டு வந்தால், அடுத்த சந்தேகம் தாமதம். விளம்பரங்கள் வேகத்தை மட்டுமே பேசும், தாமதத்தைப் பேசவே பேசாது. நீங்கள் அனுப்பும் ஒரு சிறு தகவல் பொட்டலம் மறுமுனைக்குப் போய்த் திரும்பிவர எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்பதுதான் தாமதம். குரல் உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பெரும்பாலோருக்கு உறுத்தாது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. 1,000 கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்வர 10 மில்லிவினாடிதான். ஆகவே தூரம் உங்கள் எதிரி அன்று. எங்கோ ஓரிடத்தில் பொட்டலங்கள் வரிசையில் காத்துக்கிடக்கின்றன.

அந்த இடம் பெரும்பாலும் உங்கள் மோடமே, அதாவது வெளிக்கம்பி வந்து சேரும் பெட்டி. கேபிள் டிவி கம்பியில் பதிவிறக்கம் 200 என்றாலும், பதிவேற்றம் பல இடங்களில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பதிவேற்றத்துக்கு அந்தக் கம்பியின் அலைவரிசையில் கீழ்ப்பகுதியில் ஒரு குறுகிய துண்டை மட்டும் ஒதுக்கும் பழைய ஏற்பாடுதான் காரணம். மாலையில் வீட்டுக்கு வந்த எல்லோருடைய கைபேசிகளும் வைஃபையில் இணைந்த மறுகணம், அன்றைக்கு எடுத்த படங்களையும் வீடியோக்களையும் மேகச் சேமிப்புக்கு அனுப்பத் தொடங்கும். மோடமோ வந்ததையெல்லாம் வாங்கித் தன் நினைவகத்தில் அடுக்கிக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பதிவேற்றம் 10 எம்பிபிஎஸ், மோடம் அடுக்கிவைக்கும் அளவு 1 மெகாபைட், அதாவது 8 மெகாபிட். அந்த வரிசை நிரம்பியிருக்கும்போது உங்கள் குரல் கடைசியில் போய் நின்றால் வெளியேற 0.8 வினாடி ஆகும். கூட்டத்தில் நீங்கள் பேசுவது மற்றவர்களுக்கு வெட்டி வெட்டிக் கேட்பதற்கு இதுவே போதும். வேகச் சோதனையோ இதைப் பெரும்பாலும் காட்டாது. அது எவ்வளவு போகிறது என்று பார்க்கிறதே தவிர, எவ்வளவு காத்திருந்து போகிறது என்று பார்ப்பதில்லை. சில சோதனைத் தளங்கள் இப்போது சுமையின்போதான தாமதத்தையும் தனியே காட்டுகின்றன. அந்த எண்ணைப் பாருங்கள்.

சோதிப்பது எளிது. கணினியில், தாமதத்தை அளக்கும் பிங் கட்டளையை இரண்டு சாளரங்களில் ஓடவிடுங்கள்: ஒன்று உங்கள் ரவுட்டரின் முகவரிக்கு, இன்னொன்று வெளியே ஏதாவது ஒரு பெரிய தளத்துக்கு. கேபிளில் செருகியிருந்தால் ரவுட்டருக்கான எண் ஒரு மில்லிவினாடியை ஒட்டியே இருக்கும். வெளியே போவது 10, 20, 30 என்று ஏதோ ஓர் எண்ணில் நிலையாக இருக்கும். இப்போது கைபேசியிலிருந்து ஒரு பெரிய வீடியோவைப் பதிவேற்றுங்கள். ரவுட்டரின் எண் அசையாமல் இருக்க, வெளியே போகும் எண் மட்டும் 20இலிருந்து 300, 500 என்று தாவினால் நோய் இதுதான், ஐயமே இல்லை. பதிவேற்றம் நின்றதும் பழைய எண்ணுக்கு அது இறங்குவதையும் கண்ணால் பார்ப்பீர்கள்.

இதற்கு மருந்தும் உண்டு, அதற்கு நிறுவனம் மாற வேண்டியதில்லை. வரிசையை நிர்வகிக்கும் வசதியுள்ள ரவுட்டர்களில் பதிவேற்ற உச்சத்தை உண்மையான வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டுக்குக் கட்டிவைத்தால், வரிசை மோடத்தில் சேராமல் ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும். ரவுட்டர் ஒவ்வோர் உரையாடலுக்கும் முறை வைத்து அனுப்பும். 2018இல் பொது ஆவணமாக வெளிவந்த எஃப்க்யூ-கோடெல், அதன்பின் வந்த கேக் என்ற இரு முறைகளில் ஒன்று அமைப்புப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், கைபேசிகளின் தானியங்கிப் பதிவேற்றத்தை நள்ளிரவுக்குத் தள்ளிவைப்பதும் பலன் தரும். நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டுத் தொல்லை இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இது ஊகம்தான். பிங் எண்களைப் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன்.

வேகக் கணக்குக்கு வருகிறேன், இது சட்டென்று முடிந்துவிடும். எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். கோப்புகளின் அளவு மெகாபைட்டில் சொல்லப்படுகிறது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 200 எம்பிபிஎஸ் இணைப்பில் வினாடிக்கு 25 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது, அது ஏமாற்று வேலை அன்று. நல்ல தரமான வீடியோ கூட்டம் ஒன்றுக்கு 3 அல்லது 4 எம்பிபிஎஸ் போதும். 4கே படம் ஒன்றுக்கு 15 முதல் 25 வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டு பேர் கூட்டத்திலும் இரண்டு பேர் 4கே படத்திலும் ஒரே நேரத்தில் இருந்தாலும் 60ஐத் தாண்டுவது அரிது. அன்றாடம் பெரிய விளையாட்டுகளையோ எடிட்டிங் கோப்புகளையோ இறக்குபவருக்கு 1000 எம்பிபிஎஸ் நேரத்தை மிச்சப்படுத்தும். உங்கள் கூட்டத்துக்கு அது ஒரு துளியும் உதவாது. நீங்கள் கேட்க வேண்டிய எண் பதிவேற்ற வேகம். அதை விளம்பரத்தில் தேடாதீர்கள், நேரடியாகக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அதுவே ஒரு விடை.

இப்போது மூன்று வகை இணைப்புகளைப் பற்றி. ஃபைபரைத்தான் நான் முதலில் வைப்பேன், காரணம் அதன் வேகம் மட்டும் அல்ல. கண்ணாடி இழையில் போவது ஒளி. பக்கத்து வீட்டு மோட்டாரோ, மழையில் நனைந்த இணைப்போ, செம்புக் கம்பியைக் கெடுக்கும் மின்னிரைச்சலோ அதை அண்டாது. பரவலாக இருக்கும் ஜிபான் என்ற ஃபைபர் முறையில் நிறுவனத்தின் நிலையத்திலிருந்து உங்கள் வீடுவரை இடையில் மின்சாரம் தேவைப்படும் கருவியே இல்லை. தெருவில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் என்பது ஒளியைப் பிரித்துக்கொடுக்கும் கண்ணாடித் துண்டு, அவ்வளவுதான். கேபிள் டிவி கம்பியிலோ தெருவில் ஆங்காங்கே மின்சாரத்தில் ஓடும் பெருக்கிகள் இருக்கும். அந்தத் தெருவில் மின்சாரம் போய், மாற்று ஏற்பாடும் இல்லையென்றால், உங்கள் வீட்டில் மின்கலம் இருந்தும் பயனில்லை. இன்னொன்று, எந்தப் பகுதியிலாவது ஒரு வீட்டில் இணைப்பான் தளர்ந்திருந்தால் அந்த வழியாக நுழையும் இரைச்சல் அந்தப் பகுதி முழுவதன் பதிவேற்றத்தையும் கெடுக்கும். மாலையில் மட்டும் வரும் தொல்லைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். தொழிலில் இருப்பவர்களுக்கே அந்த ஒரு வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஃபைபரும் பகிர்ந்துகொள்வதுதான் என்பதை மறைக்கக் கூடாது. ஜிபானில் ஒரே இழையை வழக்கமாக 32 அல்லது 64 வீடுகள் பகிர்கின்றன. அத்தனை பேருக்கும் சேர்த்துப் பதிவிறக்கத்துக்கு 2,488 எம்பிபிஎஸ், பதிவேற்றத்துக்கு 1,244. 32 வீடுகளுக்கும் தலைக்கு 1000 விற்றிருந்தால் கணக்கு உதைக்கிறதே என்று தோன்றும். எல்லா வீடுகளும் ஒரே வினாடியில் முழு வேகத்தையும் கேட்பதில்லை என்பதால் நடைமுறையில் இது பெரும்பாலும் தாங்குகிறது. சில நிறுவனங்கள் பத்தாயிரம் எம்பிபிஎஸ் அளவில் இரு திசைகளிலும் ஓடும் எக்ஸ்ஜிஎஸ்-பான் முறைக்கு மாறிவிட்டன. அங்கே நெருக்கடி இன்னும் குறைவு. எந்த முறை என்று கேட்டுவையுங்கள். விற்பனையாளருக்குத் தெரியாவிட்டாலும் இணைப்புக் கொடுக்க வரும் டெக்னீஷியனுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. விளம்பரத்தில் ஃபைபர் என்று இருந்தால் மட்டும் போதாது. தெருமுனைப் பெட்டிவரை கண்ணாடி இழையும், அங்கிருந்து வீடுவரை பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியும் வரும் இணைப்புகளையும் அதே பெயரில் விற்கிறார்கள். செம்புக் கம்பியில் தூரம் கூடக்கூட வேகம் சரிந்துகொண்டே போகும். பெட்டியிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இருக்கும் வீட்டுக்குக் கிடைப்பது ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்குக் கிடைக்காது. கண்டுபிடிப்பது சுலபம்: உண்மையான ஃபைபர் என்றால் வீட்டுக்குள் வருவது மெல்லிய இழை, அதன் முனையில் பெரும்பாலும் பச்சை அல்லது நீல நிறப் பிளாஸ்டிக் இணைப்பான், அது போய்ச் செருகப்படுவது ஒளியை மின்சைகையாக மாற்றும் ஓஎன்டி என்ற சிறு பெட்டி.

5ஜி பெட்டியைப் பொறுத்தவரை, அதை நான் இகழ மாட்டேன். கம்பி இழுக்க முடியாத வாடகை வீட்டுக்கும், அடிக்கடி வீடு மாறுபவருக்கும் அது நல்ல துணை. ஆனால் ஒரு டவரின் அலைவரிசையை அந்த வட்டாரத்தின் கைபேசிகள் அனைத்தும் உங்களோடு பகிர்கின்றன. மாலையில் நெரிசல் கூடினால் உங்கள் பங்கு சுருங்கும், தாமதமும் ஏறி இறங்கும். பெட்டியை ஒரு ஜன்னலிலிருந்து எதிர் ஜன்னலுக்கு மாற்றினாலே வேகம் பாதியாகலாம், இரட்டிப்பாகவும் ஆகலாம். வாங்குமுன் திருப்பிக் கொடுக்கும் வசதியோடு ஒரு வாரம் வைத்துப் பார்க்க முடிந்தால் மட்டும் யோசியுங்கள். உங்கள் தொழில் கூட்டங்களை நம்பி இருப்பதால், முதன்மை இணைப்பாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாற்று ஏற்பாடாக என்றால் மிகவும் நல்லது. செயற்கைக்கோள் இணைப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை: 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் என்றால் ஒளியின் வேகத்திலேயே போய்வர ஏறக்குறைய அரை வினாடி ஆகிவிடும், கூட்டத்துக்குச் சரிப்படாது. 550 கிலோமீட்டர் அளவில் தாழ்வாகச் சுற்றுபவற்றில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஃபைபர் வந்துவிட்ட தெருவில் இருக்கும் உங்களுக்கு அது தேவையே இல்லை.

உங்கள் வேகச் சோதனை நன்றாக இருந்தும் மாலை கெடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்க முடியும். சோதனைத் தளம் இயல்பாக மிக அருகில் இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுக்கும்; பல நேரங்களில் அது உங்கள் நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். அது அளப்பது வீட்டிலிருந்து நிறுவனத்தின் வாசல்வரை உள்ள பாதையை. வாசலைத் தாண்டி வெளியுலகத்தோடு அந்த நிறுவனம் வைத்திருக்கும் இணைப்பு மாலையில் திணறினால் சோதனைக்கு அது தெரியாது. பிரபலமான படத் தளங்கள் தங்கள் பிரதிகளை நிறுவனங்களுக்குள்ளேயே வைத்திருப்பதால் படமும் தடையின்றி ஓடும். அலுவலகக் கூட்டம் மட்டும் தடுமாறும். சோதனைத் தளத்தில் சர்வரை நீங்களே மாற்றி, வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தமான, தொலைவில் உள்ள சர்வரைத் தேர்ந்தெடுத்துக் காலையில் ஒரு முறையும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறையும் ஓட்டுங்கள். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் நிறுவனத்தை மாற்ற அதுவே நியாயமான காரணம்.

புது நிறுவனத்தின் வெளி இணைப்பு எப்படி என்பதை வெளியூரில் இருந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது, வேறு யாராலும் முடியாது. ஒரே நிறுவனம் ஒரு பகுதியில் சிறப்பாகவும் நான்கு தெரு தள்ளி மோசமாகவும் இருப்பதுண்டு. பெயரை வைத்து வரும் புகழ்ச்சிக்கும் வசைக்கும் அதனால்தான் நான் அதிகம் மதிப்புக் கொடுப்பதில்லை. உங்கள் தெருவிலேயே அதை ஏற்கெனவே வாங்கியிருப்பவரிடம் கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்பார், அதில் ஒன்றும் இல்லை. கடைசியாக எப்போது அறுந்தது, எத்தனை மணி நேரத்தில் சரிசெய்தார்கள், போன் செய்தால் எடுக்கிறார்களா, ஞாயிற்றுக்கிழமை அறுந்தால் என்ன ஆகும், இப்படிக் கேளுங்கள். முடிந்தால் இரவு ஒன்பது மணிக்கு அவர் வீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்து ஒரு வீடியோ அழைப்புச் செய்து பாருங்கள். எந்த இழையும் ஒரு நாள் அறுந்தே தீரும்: மரக்கிளை விழும், சாலை தோண்டுவார்கள், எலி கடிக்கும். அன்றைக்கு வந்து ஏணி போட்டு ஏறும் ஆள் அந்த நிறுவனத்துக்கு உங்கள் பகுதியில் இருக்கிறாரா என்பதை, வேகத்தைவிட மேலான தகுதியாக நான் கருதுகிறேன்.

இணைப்புக் கொடுக்க வரும் நாளில் அருகிலேயே நில்லுங்கள். ஓஎன்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவை அவர் ஒரு சிறு மீட்டரில் அளப்பார். மைனஸ் எண்ணாக, டிபிஎம் என்ற அலகில் இருக்கும். ஜிபானில் வழக்கமான கருவிகளுக்கு மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை ஏற்கத்தக்கது. மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 26 என்றால் இன்று ஓடும், சிறிது தூசி சேர்ந்தால் விழுந்துவிடும். இந்த எண்ணில் மூன்று, அதாவது மூன்று டெசிபெல், குறைந்தாலே ஒளி பாதியாகிவிடுகிறது. அந்த எண்ணைக் கேட்டுச் சுவரிலோ பெட்டியின் மேலோ எழுதி ஒட்டிவையுங்கள். பின்னாளில் புகார் செய்யும்போது "அன்று மைனஸ் 19 இருந்தது, இப்போது எவ்வளவு?" என்று கேட்டால் பேச்சின் தரமே மாறிவிடும்.

இழை எந்த வழியாகப் போகிறது என்பதையும் பாருங்கள். ஒரு வீட்டில் இணைப்பு அடிக்கடி விட்டுவிட்டுப் போகிறது என்று போயிருந்தேன். ஓஎன்டியில் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதாவது ஒளி வரவில்லை. பீரோவை முன்னே இழுத்தேன், விளக்கு அணைந்தது. தள்ளினேன், மறுபடியும் எரிந்தது. பீரோவின் காலுக்கும் சுவருக்கும் நடுவில் இழை மடங்கியிருந்தது. கூர்மையாக வளைந்தால் ஒளி இழையின் பக்கவாட்டில் கசிந்துவிடும். வீட்டுக்குள் பரவலாகப் பயன்படுத்தும் நல்ல இழைகளில் பலவும் 7.5 அல்லது 10 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவான வளைவைத் தாங்குவதில்லை. கதவிடுக்கிலோ ஆணிக்கடியிலோ இழையை நசுக்க விடாதீர்கள். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது, பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுபவை சில. மாதாந்தர உச்ச அளவு உண்டா, அதைத் தாண்டினால் வேகம் எவ்வளவாகக் குறையும்? அறிமுகக் கட்டணம் எந்த மாதத்தோடு முடிகிறது, அதன்பின் எவ்வளவு? இடையில் விலகினால் அபராதம் உண்டா? ரவுட்டர் யாருடையது, வேறு ரவுட்டர் வைத்துக்கொள்ளலாமா? இந்தக் கடைசிக் கேள்வி உங்களுக்கு முக்கியம். வரிசையை நிர்வகிக்கும் ரவுட்டர் தேவைப்படலாம் என்று மேலே சொன்னேனே.

பொது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் வீட்டை மட்டும் அடையாளம் காட்டும் எண், உண்டா என்றும் கேளுங்கள். முகவரிகள் தட்டுப்பாடாக இருப்பதால் பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. உங்கள் ரவுட்டரின் வெளிமுகவரி 100.64இலிருந்து 100.127 வரை உள்ள எண்களில் தொடங்கினால் நீங்களும் அப்படித்தான். 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரிகள் அவை. கூட்டங்களுக்கும் அலுவலக விபிஎன்னுக்கும் பெரும்பாலும் இதனால் இடைஞ்சல் இல்லை. வீட்டுக் கண்காணிப்புக் கேமராவையோ சொந்த சர்வரையோ வெளியிலிருந்து நேரடியாக எட்ட வேண்டுமானால் முடியாது.

ஆகவே என் யோசனை: இந்த வாரம் லேன் கேபிள் சோதனையையும் பிங் சோதனையையும் செய்யுங்கள். கோளாறு வைஃபையில் என்றால் இருக்கும் இணைப்பையே வைத்துக்கொண்டு அதைச் சரிசெய்யுங்கள். பதிவேற்றம் நிரம்புவது காரணம் என்றால் முதலில் ரவுட்டரில் உச்சத்தைக் கட்டிப் பாருங்கள். அதிலும் தீராவிட்டாலோ, வெளி இணைப்பு திணறுவது காரணம் என்றாலோ, வீடுவரை உண்மையான ஃபைபர்தானா என்று உறுதிசெய்துகொண்டு அதற்கு மாறுங்கள். 1000 வேண்டாம், 100 அல்லது 200 எம்பிபிஎஸ், பதிவேற்றமும் அதே அளவு உள்ள திட்டம் இருந்தால் அதை எடுங்கள், முதலில் மாதாமாதம் கட்டும் வகையில். பழைய கேபிள் இணைப்பை உடனே துண்டிக்காமல், புதியது மூன்று நான்கு வாரம் நிலையாக ஓடுவதைப் பார்த்துவிட்டுத் துண்டியுங்கள். ஓஎன்டி, ரவுட்டர் இரண்டையும் ஒரே சிறு யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். ஒன்றை மட்டும் மாட்டிவிட்டு மின்தடையின்போது ஏன் ஓடவில்லை என்று தேடுபவர்கள் நிறைய. அவசரத்துக்கு உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட் இருக்கட்டும். அது வேறு பாதையில் போவதால், தெருவில் கம்பி அறுந்த நாளில் கைகொடுக்கும்.

சோதனைகளைச் செய்த பிறகு மூன்று எண்களை இங்கே எழுதுங்கள்: கேபிளில் செருகியபோது கிடைத்த பதிவேற்ற வேகம், அமைதியான நேரத்தின் பிங், பதிவேற்றம் ஓடும்போது அதே பிங். மோடத்தின் மாதிரிப் பெயரையும் சேர்த்து எழுதினால், ரவுட்டரில் எந்த உச்சத்தில் கட்டுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.